பூனைக்கு நம் வீட்டுச் சோறு போடலாமா? – ஒரு சின்ன வரலாறு

செஞ்சிக்கு அருகில் உள்ள சின்ன ஊர் அனந்தபுரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் அங்கே ஒரு காட்சி சாதாரணமாகக் கண்ணில் படும். கொல்லைப்பக்கப் படியில் ஒரு பிடி சோறு, அதன் மேல் மிச்சமான குழம்பு, பக்கத்தில் வாலைச் சுருட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பூனை. வீட்டில் சாம்பார் என்றால் பூனைக்கும் சாம்பார் சாதம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அதற்கும் இரண்டு எலும்பு. ஒன்றும் மிச்சமில்லை என்றால் தயிர் சாதம்.

"இதெல்லாம் பூனைக்கு ஆகாது" என்று யாராவது சொன்னால் உடனே பதில் வரும்: "காலங்காலமா இதைத்தானே போடறோம், ஒண்ணும் ஆகலையே!"

நியாயமான கேள்விதான். "காலங்காலமாக" என்று சொல்லிவிட்டதால் இதற்குப் பதிலையும் வரலாற்றில்தான் தேட வேண்டும். காலங்காலமாகப் பூனை உண்மையிலேயே என்ன சாப்பிட்டது? நாம் போட்டதையா? அல்லது நாம் போட்டது போக வேறு எதையாவதா?

களஞ்சியத்தில் ஆரம்பித்த உறவு

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரி, கல்யாண மகால், பீரங்கி என்று பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் பெரிய களஞ்சியத்தில் அதிக நேரம் நிற்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு கோட்டையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகை போட்டது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே தானியம் இருக்கும் வரைதான் கோட்டை தாக்குப் பிடிக்கும். தானியத்துக்கு வெளியே இருக்கும் எதிரி படை என்றால், உள்ளே இருக்கும் எதிரி எலி.

தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வரும். எலி சேர்ந்த இடத்துக்குப் பூனை வரும். உலகம் முழுக்க மனிதனும் பூனையும் சேர்ந்த கதை இவ்வளவுதான். ஆடு மாடு போலப் பூனையை யாரும் பிடித்துக் கட்டிப் பழக்கவில்லை. மேற்கு ஆசியாவில் மனிதன் விவசாயம் செய்து தானியம் சேர்க்க ஆரம்பித்தபோது பூனை தானாகவே வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி 2004ல் வெளியானது. அதன் வயது சுமார் 9500 ஆண்டுகள். இன்று உலகில் உள்ள எல்லா வீட்டுப் பூனைகளும் அந்தப் பக்கத்துக் காட்டுப்பூனையின் வம்சம் என்பதை 2007ல் மரபணு ஆய்வு உறுதி செய்தது.

நம் துணைக்கண்டத்திலும் பழைய தடயம் உண்டு. சிந்துவெளி நகரமான சான்குதாரோவில் கிடைத்த ஒரு செங்கல்லில் பூனையின் கால் தடமும் நாயின் கால் தடமும் பதிந்திருக்கின்றன. காயாத செங்கல் மேல் பூனை ஓட, பின்னாலேயே நாய் துரத்தியிருக்கிறது. 4000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் சண்டை மட்டும் மாறவில்லை!

தமிழில் பூனை

சங்க இலக்கியத்தில் வரும் "வெருகு" காட்டுப்பூனை. முல்லை அரும்புக்கு வெருகின் பல்லை உவமை சொன்னார்கள் புலவர்கள். தொல்காப்பியம் மரபியலில் வெருகின் இளமைப் பெயர் "குட்டி" என்று வருகிறது. இன்று நாம் சொல்லும் பூனைக்குட்டிக்கு அவ்வளவு வயது.

வீட்டுப் பூனை என்றாலே நம் இலக்கியத்தில் பால் வந்துவிடும். கம்பர் தன் ராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு தன்னை ஒப்பிட்டுக் கொள்கிறார். தெனாலிராமன் கதை எல்லோருக்கும் தெரியும். எலித் தொல்லையை ஒழிக்கக் கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். ராமன் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைக்க, வாய் வெந்த பூனை அதற்குப் பிறகு பாலைக் கண்டாலே ஓடுகிறது. பாலெல்லாம் ராமனுக்கு! செஞ்சியையும் ஒரு காலத்தில் விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள்தான் ஆண்டார்கள் என்பதால் இந்தக் கதை இந்தப் பக்கத்துக்கு அந்நியமில்லை.

ஆனால் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். ராஜா பூனை கொடுத்தது பால் குடிக்க அல்ல, எலி பிடிக்க. பால் அதற்கு மேல் ஒரு சலுகை.

மாமல்லபுரத்துச் சிற்பி இதைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தார். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து அர்ச்சுனன் தபசு சிற்பத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. மகாபாரதத்தில் வரும் போலிச் சாமியார்ப் பூனையின் கதை அது. அந்தப் பூனையின் காலடியில் சிற்பி பால் கிண்ணத்தைச் செதுக்கவில்லை. எலிகளைத்தான் செதுக்கினார்.

பூனையின் சம்பளக் கணக்கு

பூனைக்கு விலையும் சம்பளமும் நிர்ணயித்தவர்கள் கூட உண்டு. 10ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டை ஆண்ட ஹைவெல் தா என்ற அரசரின் பெயரில் வழங்கும் சட்டங்களில் பூனைக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. கண் திறக்காத குட்டிக்கு 1 பென்னி. கண் திறந்து எலி பிடிக்கும் வரை 2 பென்னி. எலி பிடிக்க ஆரம்பித்துவிட்டால் 4 பென்னி. அழகு, நிறம் எதற்கும் விலை கிடையாது. அரசரின் களஞ்சியப் பூனையைக் கொன்றவனுக்கோ திருடியவனுக்கோ தண்டனை இன்னும் வேடிக்கை. பூனையை வாலைப் பிடித்துத் தலை தரையில் படும்படி தொங்கவிட்டு, வால் நுனி மறையும் வரை தானியத்தைக் கொட்ட வேண்டும். அந்தத் தானியம்தான் அபராதம். பூனையின் மதிப்பு அது காப்பாற்றிய தானியம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

1868ல் லண்டன் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை. பூனை வளர்க்க வாரம் 2 ஷில்லிங் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் மூன்று பூனைகளுக்கும் சேர்த்து 1 ஷில்லிங்தான் அனுமதித்தது. மீதி வரும்படிக்குப் பூனைகள் எலியை நம்பி இருக்கட்டும் என்றும், ஆறு மாதத்தில் எலி குறையவில்லை என்றால் படியைக் குறைத்து விடுவோம் என்றும் கண்டிப்பான குறிப்பு வேறு!

சிரிப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எலி சம்பளம். நாம் போடும் சோறு போனஸ். "காலங்காலமா" நம் வீட்டுச் சோற்றைத் தின்று பூனை நன்றாக இருந்ததற்கு, அது நம் சோற்றை மட்டுமே தின்று வாழவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். நமக்குத் தெரியாமல் இரவில் எலி, ஓணான், குருவி, வெட்டுக்கிளி என்று அசல் சாப்பாட்டை அது தானே முடித்துக் கொண்டது.

நாய் மாறியது, பூனை மாறவில்லை

நாயும்தானே நம் சோற்றைச் சாப்பிடுகிறது என்று கேட்கலாம். நாய் மனிதனோடு இருந்த காலத்தில் உடம்புக்குள்ளேயே மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது நாய் நம் சோற்றுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது.

பூனை அப்படி மாறவில்லை. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005ல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்தால் பூனைக்கு நெய் வாசனை தெரியும், இனிப்பு தெரியாது. தானே இரை தேடி வாழும் பூனைகளின் உணவை 2011ல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்குக் கிடைத்த சக்தியில் 52 சதவீதம் புரதத்திலிருந்து, 46 சதவீதம் கொழுப்பிலிருந்து, வெறும் 2 சதவீதம்தான் மாவுச்சத்திலிருந்து. நம் தயிர் சாதத்தில் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட தலைகீழ்.

கேரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள நம் உடம்புக்குத் தெரியும். பூனைக்குத் தெரியாது. அதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் இன்னொரு பிராணியைத்தான் அது சாப்பிட்டாக வேண்டும்.

பாலும் மீனும்

பூனைக்கு மனிதன் சாப்பாடு போட்டதைப் பற்றிய பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்று எகிப்தைப் பற்றியது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கே போன டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்று ஆசிரியர், கோயில் பூனைகளுக்குப் பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்கள் என்றும், நைல் நதி மீனைப் பச்சையாக நறுக்கிப் போட்டார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். 2000 ஆண்டுகள் கழித்தும் பூனை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அதே பாலும் மீனும்தான்.

பால் விஷம் இல்லை. ஆனால் குட்டி தாய்ப்பாலை மறந்த பிறகு பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்து விடுகிறது. அதனால் பல பூனைகளுக்குப் பால் குடித்தால் வயிற்றுப்போக்கு. கம்பர் சொன்ன பூனை பாற்கடலில் பாதியைக் குடித்திருந்தாலும் அதன் கதி அதோகதிதான். பச்சை மீனில் வேறு சிக்கல். சில வகை மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அதையே தினமும் தின்னும் பூனைக்கு நரம்பு பாதிக்கும், தலை தொங்கும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

கண் போன பூனைகள்

1930களில் கலிபோர்னியாவில் பாட்டெஞ்சர் என்ற டாக்டர் பூனைகளை இரண்டு பிரிவாக வைத்து வளர்த்தார். பச்சை இறைச்சி தின்ற பூனைகள் நன்றாக இருந்தன. வேகவைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. வேகவைப்பதே தவறு என்று பலர் முடிவு கட்டினார்கள். அன்று தெரியாத ஒரு விஷயம் பிறகு தெரிய வந்தது. அதன் பெயர் டாரின்.

டாரின் 1827லேயே காளை மாட்டின் பித்த நீரிலிருந்து பிரித்து எடுக்கப்பட்ட பொருள். நம் உடம்பு தேவையான அளவு அதைத் தயாரித்துக் கொள்ளும். பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிக்காது. இறைச்சியில், முக்கியமாக இதயத்தில், டாரின் உண்டு. அரிசி, பருப்பு, காய்கறியில் கிட்டத்தட்ட இல்லை. தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினும் அதோடு போய்விடும்.

1975ல் பாலிலிருந்து எடுத்த புரதத்தை மட்டுமே கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை அழிந்து போவதையும், அதற்குக் காரணம் டாரின் குறைவு என்பதையும் ஹேஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு வெளியிட்டது. பால் புரதம் கொடுத்த பூனைக்குக் கண் போனது!

1987ல் இன்னொரு அதிர்ச்சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியன் என்ற கால்நடை மருத்துவர், பூனைகளுக்கு வரும் ஒரு இதய வீக்க நோய்க்கும் டாரின் குறைவுதான் காரணம் என்று காட்டினார். டாரின் கொடுத்ததும் சாகக் கிடந்த பூனைகள் பல தேறின. அந்தப் பூனைகள் சாப்பிட்டது வீட்டு மிச்சம் இல்லை. கடையில் விற்ற, முழுமையான உணவு என்று அச்சடித்த பூனை உணவு. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின. நோயும் வெகுவாகக் குறைந்தது.

ஆக, டப்பாவில் வந்தால் பாதுகாப்பு, தட்டில் வந்தால் ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. 2007ல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவில் மெலமின் என்ற பிளாஸ்டிக் தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது தெரிந்து கோடிக்கணக்கான டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டன. சோதனையில் புரதம் அதிகம் இருப்பது போலக் காட்டுவதற்காகச் செய்த கலப்படம் அது. நிறையப் பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அடுத்த ஆண்டு, 2008ல், அதே மெலமின் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் இருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்து போனார்கள்.

மினமாட்டா சொன்ன செய்தி

பூனைக்கு நேர்ந்தது பிறகு மனிதனுக்கு நேர்ந்தது இது முதல் தடவை இல்லை. 1950களில் ஜப்பானின் மினமாட்டா கடற்கரைக் கிராமங்களில் பூனைகள் திடீரென்று தள்ளாடின, வலிப்பு வந்து சுற்றின, கடலில் விழுந்து செத்தன. ஜனங்கள் அதைப் பூனைகளின் நடன நோய் என்றார்கள். அந்தப் பூனைகள் தின்றது அந்த வீட்டு மனிதர்கள் சாப்பிட்ட அதே மீனைத்தான். 1956 மே 1ஆம் தேதி மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959ல் சிஸ்ஸோ கம்பெனி மருத்துவமனையின் டாக்டர் ஹொசோகாவா, தொழிற்சாலைக் கழிவைக் கலந்த உணவை 400 என்று எண்ணிட்ட பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை மூடி மறைத்தது. பாதரசக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது.

நம் தட்டிலிருந்து சாப்பிடும் பூனை, நம் தட்டில் இருக்கும் விஷத்தையும் நமக்கு முன்னால் சாப்பிடுகிறது.

மறுபடியும் கொல்லைப்படிக்கு

இப்போது அனந்தபுரம் படிக்கட்டுக்கே திரும்பி வருவோம். அங்கே என்ன மாறியிருக்கிறது? குதிர் இருந்த வீடுகளில் இப்போது அரிசி சிப்பத்தில் வருகிறது. மண் சுவர் போய் சிமெண்ட் வந்துவிட்டது. எலி இருந்தாலும் அதற்கு மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகலாம். ஊரை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திப் பூனை வளர்க்கிறார்கள். ஒரு சுண்டெலியில் இருப்பது சுமார் 30 கலோரி. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரிக்கு மேல் தேவை. அதாவது ஏழெட்டு எலி. மூன்றாவது மாடியில் அதற்கு எங்கே போகும்?

சம்பளம் நின்று போய்விட்டது. ஆனால் நாம் இன்னும் போனஸை மட்டும் கொடுத்துவிட்டு, பழைய கணக்கையே சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் என்னதான் போடலாம்? வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வேகவைத்தாலும் சரி, பொடியாக இருந்தாலும் சரி. அதனால் சாம்பார் சாதம், கறிக்குழம்புச் சாதம் இரண்டும் தவிர்க்க வேண்டியவை. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். சாக்லேட், காபி, டீ, திராட்சை வேண்டவே வேண்டாம். ஈரல் அளவோடு போதும், தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி எலும்பு கெடும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, கோழி இதயம், முள் எடுத்த மீன், வேகவைத்த முட்டை நல்லது. வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றலாம். கொஞ்சம் சோறு கலந்தால் குற்றமில்லை. ஆனால் இவை மட்டுமே போதும் என்று நினைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு டாரின் சேர்த்த முழு உணவு தேவை. எதை, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சைவ வீட்டில் வளரும் பூனைக்கு இது சங்கடமான செய்திதான். ஆனால் சைவமாக இருப்பது வீட்டுக்காரர் எடுத்த முடிவு. பூனை எடுத்த முடிவு அல்ல.

செஞ்சிக் களஞ்சியம் இன்று காலியாக இருக்கிறது. காவல் காக்க அங்கே தானியமும் இல்லை, பிடிக்க எலியும் இல்லை. 9500 ஆண்டுகளாகப் பூனை நம்மிடம் கேட்டது எலி இருக்கும் ஒரு களஞ்சியத்தை மட்டும்தான். அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு தட்டை வைத்தவர்கள் நாம்தான். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதுதான்.